மின்னஞ்சலில் வரும் மோசடி

(ஆட்டையாம்பட்டியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் சிறுதொழில் செய்வோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆட்டையாம்பட்டி என்றவுடன் கைமுறுக்கு நினைவுக்கு வரும். தறிச் சத்தமும் இவ்வூருக்குப் புதிதன்று. இங்குள்ள சரக்குக்கு வெளியூர் வியாபாரி விலை கேட்பதும், நாம் பட்டியல் அனுப்புவதும் இன்று மின்னஞ்சல் வழியாகவும் நடைபெறுகின்றன. முன்னாளில் கடிதத்தின் கையெழுத்தைக் கண்டவுடனேயே எழுதியவர் இன்னார் என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிடுவார். மின்னஞ்சலில் அந்த அடையாளம் கிடையாது. எவர் பெயரையும் எவரும் மேலே போட்டுக்கொள்ளலாம்.

குப்பைக் கடிதங்களைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் ஒரே விளம்பரத்தைச் சுமார் 400 பேருக்கு அனுப்பியதே இவற்றில் முதலாவது என்பர். இன்று அஞ்சல் சேவை நடத்துவோரே பெரும்பகுதியைத் தடுத்துத் தனிப் பெட்டியில் தள்ளிவிடுகின்றனர். தப்பி வருவதை 'ஸ்பேம்' என்று குறித்துவிடுங்கள், பதில் எழுதாதீர்கள். வாரம் ஒருமுறை அப்பெட்டியையும் பார்ப்பது நலம். உண்மையான ஆர்டரும் சில வேளைகளில் அதில் சிக்கிக் கிடக்கும்.

முதலுக்கே நாசம் விளைவிப்பது வேறு. 2015ஆம் ஆண்டு மத்திய அரசின் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் சவூதி அரேபியாவின் அராம்கோ நிறுவனத்துக்கு நாப்தா விற்றது. அதற்குரிய சுமார் 197 கோடி ரூபாய் மோசக்காரர் காட்டிய கணக்குக்குத் திருப்பப்பட்டதாகப் புகார் எழுந்தது. கழகத்தின் முகவரியில் 'ஓ.என்.ஜி.சி.' என்றிருக்கும், போலி முகவரியில் 'ஓ.ஜி.என்.சி.' என்றிருந்தது. இரண்டே எழுத்துக்கள் இடம் மாறியிருந்தன! இத்தகைய பெரிய ஸ்தாபனங்களுக்கே இந்தக் கதி என்றால், நாளெல்லாம் அடுப்படியில் உழைத்துவிட்டு இரவில் கைப்பேசியைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது எங்ஙனம் தட்டுப்படும்?

இத்தகைய கடிதம் குப்பையைப்போல் வருவதில்லை. சரக்கு, அளவு, விலை, தேதி யாவும் சரியாகவே இருக்கும். இருவரில் ஒருவருடைய அஞ்சற்பெட்டிக்குள் முன்னரே புகுந்து, கடிதப் போக்குவரத்தைப் பல நாள் படித்த பின்பே பெரும்பாலும் எழுதுகிறார்கள். "பழைய கணக்கில் தணிக்கை நடைபெறுகிறது, இந்தப் புதிய கணக்கில் செலுத்துங்கள்" என்ற ஒரு வரிதான் புதிது.

ஆதலால், கணக்கு எண் மாறிற்று என்று எழுத்து வந்தால், பணம் அனுப்புமுன் அவருடன் பேசிக் கேளுங்கள். அக்கடிதத்தில் கண்ட எண்ணுக்கு அன்று. பழைய ரசீதில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். அவசரம் என்று எழுதியிருந்தால் இன்னும் நிதானமாகக் கேளுங்கள். உங்களிடம் வாங்குவோரிடமும், "எங்கள் கணக்கு மாறினால் மின்னஞ்சலில் சொல்லமாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பெட்டிக்குள் பிறர் புகாதிருக்க இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். வரும் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தாமாகப் போகும்படி எவரேனும் ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். திருடர் இதைச் செய்துவிட்டுப் போவது வழக்கம். பின்னர் கடவுச்சொல்லை மாற்றினாலும் கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கும்.

ஊராட்சிக்கு மேலதிகாரி பெயரில் வரும் கடிதத்தில் பெயரைப் பாராமல் முகவரியைப் பாருங்கள். அரசு முகவரிகள் 'கவ்.இன்' அல்லது 'நிக்.இன்' என்று முடிவன. விவசாயிகளுக்கு வேறு வலை விரிக்கப்படுகிறது: பி.எம். கிசான் உதவித்தொகையின் பெயரால் வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பு வரும். அதைத் திறந்து நிறுவினால் வங்கி அனுப்பும் ரகசிய எண்ணும் களவு போகக்கூடும். கமிஷன் தருவதாகச் சொல்லி நம் இளைஞர்களின் வங்கிக் கணக்கை இரவல் கேட்பவர்களும் உளர். களவுப் பணம் கைமாறுவது அத்தகைய கணக்குகளில்தான். போலீஸார் முதலில் வந்து நிற்பதும் அந்த இளைஞரின் வீட்டு வாசலில்தான்.

பணம் போய்விட்டதென்று அறிந்த மாத்திரத்தில் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் செய்தி எட்டினால் நிறுத்திவைக்க இடமுண்டு. வெட்கப்பட்டு மறைப்பவருக்கு அந்தச் சில மணி நேரமும் நஷ்டமாகிவிடுகிறது. வந்த கடிதத்தையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அது எந்த வழியாக வந்தது என்ற குறிப்பு அதனுள்ளேயே பதிந்திருக்கும். துப்புத் துலக்குவோருக்கு அது வேண்டும்.