உங்கள் பயிருக்கு டெல்லியில் யார் பதில் சொல்வது?

(மலைத்தோட்டப் பயிர் விவசாயிகளுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நாடாளுமன்றத்தில் விவசாயத்தைப் பற்றி விவாதம் நடந்தது என்று பத்திரிகையில் படிக்கிறீர்கள். நெல்லுக்கு இவ்வளவு, பருத்திக்கு இவ்வளவு, நிலக்கடலைக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். "எங்கள் பசுந்தேயிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே, நாங்களும் மண்ணைக் கொத்துகிறவர்கள்தானே?" என்று கோத்தகிரிப் பக்கத்தில் கேட்கிறார்கள். ஏற்காட்டுக் காப்பி விவசாயியும், குமரி மாவட்டத்து ரப்பர் விவசாயியும் இதையே கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கான விடை வேளாண்மைப் புத்தகத்தில் கிடைக்காது. அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் தேட வேண்டும்.

அந்த அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. மத்திய அரசுக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14ஆவது இனமாக இருக்கிறது. ஆனால் மத்தியப் பட்டியலின் 52ஆவது இனம், பொது நலன் கருதி ஒரு தொழிலை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வதாக நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது. 1953ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் தன் இரண்டாவது பிரிவிலேயே இப்படி அறிவித்துவிட்டது. காப்பிக்கு 1942, ரப்பருக்கு 1947, ஏலக்காய்க்கு 1965 என்று தனித்தனிச் சட்டங்கள் வந்தன. 1986ஆம் ஆண்டு நறுமணப் பொருள் வாரியச் சட்டம் வந்து, ஏலக்காய் வாரியம் அதற்குள் அடங்கியது. இந்த வாரியங்கள் எல்லாம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. வேளாண்மை அமைச்சகத்தின் கீழ் இல்லை.

இதனால் என்ன நேர்கிறது என்று பாருங்கள். மக்களவையில் வேளாண்மை மானியக் கோரிக்கை மீது நாள் முழுதும் விவாதம் நடந்தாலும், தேயிலையைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் அங்கே பதில் சொல்லப் போவதில்லை. அவர் பதில் சொல்லும் நாள் வேறு.

பொள்ளாச்சியில் தென்னை வைத்திருப்பவரின் நிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். தென்னை வளர்ச்சி வாரியத்துக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்த வாரியம் வேளாண்மை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கொப்பரைக்கு ஆதரவு விலை உண்டு, கொள்முதலும் உண்டு. அங்கிருந்து மலையேறி வால்பாறைக்குப் போனால் தேயிலை. மழை அதே மேற்குத் தொடர்ச்சி மலை மழைதான், அமைச்சகம் மாறிவிடுகிறது. தேயிலை, காப்பி, ரப்பர், மிளகு ஆகிய நான்கில் எதற்கும் ஆதரவு விலை கிடையாது.

மிளகின் கதை இன்னும் சிக்கலானது. அதன் சாகுபடி வளர்ச்சியைக் கவனிக்கும் இயக்ககம் கோழிக்கோட்டில், வேளாண்மை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஏற்றுமதியை நறுமணப் பொருள் வாரியம் கவனிக்கிறது. இரண்டு வீட்டுக்குப் பொதுவான கிணறு மாதிரி. தூர் வாருவது யார் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டலாம்.

சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது?

இந்தச் சட்டங்களின் வேர் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் தேயிலை விலை சரிந்தது. இந்தியா, இலங்கை, டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியா ஆகிய நாடுகளின் தோட்ட உரிமையாளர்கள் கூடி, 1933இல் ஓர் உடன்பாடு செய்தார்கள். ஏற்றுமதிக்கு அளவு வைப்பது, புதிதாகத் தேயிலை நடுவதைக் கட்டுப்படுத்துவது என்பது அதன் சாரம். அதை நடைமுறைப்படுத்தச் சட்டம் வந்தது. நடவுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி, சுதந்திரத்துக்குப் பின் 1953ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. காப்பிச் சட்டமும் இதே வகைதான். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போனபோது, விளைந்த காப்பியை எல்லாம் ஒரே தொகுப்பில் சேர்த்து வாரியமே விற்கும் முறை ஏற்பட்டது. 1990களில் அது படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996இல் முழுமையாக நீங்கியது.

இவற்றை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தவர், நூற்றுக்கணக்கான ஏக்கரும் சொந்தத் தொழிற்சாலையும் கப்பலில் சரக்கும் வைத்திருந்த தோட்டக்காரர். ஓரிரு ஏக்கரில் இலை பறித்து, சாக்கில் கட்டி, வேறொருவர் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயி அவர்கள் கண்ணில் படவில்லை. நீலகிரியில் சிறு விவசாயிகளுக்கெனக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் தொடங்கப்பட்டது 1960களில்தான். இன்று நாட்டின் தேயிலை உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி சிறு விவசாயிகளின் இலையிலிருந்து வருகிறது. ஆள் மாறிவிட்டார், பழைய ஆளுக்குத் தைத்த சட்டையையே அங்கங்கே பிரித்துத் தைத்து அணிவித்து வருகிறார்கள் என்பது என் கருத்து.

அப்படித் தைத்த ஒட்டுகளில் முக்கியமானது 2003ஆம் ஆண்டுத் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை. 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி என்று கொள்ளப்படுகிறார். தேயிலைத்தூள் விற்ற விலையை ஆதாரமாகக் கொண்டு, இலை கொடுத்தவருக்கும் தொழிற்சாலைக்கும் பங்கு பிரிக்கும் முறை இந்த ஆணையின் வழியாக வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூள் கிலோ 120 ரூபாய்க்கு விற்றது என்றும், விவசாயியின் பங்கு நூற்றுக்கு 65 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தூளுக்கு உங்கள் பங்கு 78 ரூபாய். 4 கிலோ இலைக்கு 1 கிலோ தூள் கிடைத்தால், இலைக்குக் கிலோவுக்கு 19 ரூபாய் 50 காசு. முற்றிய இலையும் ஈரமும் கலந்து, 5 கிலோ இலைக்கு 1 கிலோ தூள் என்றானால் 15 ரூபாய் 60 காசு. ஏல விலை மாறாமலே கிலோவுக்கு 3 ரூபாய் 90 காசு போய்விட்டது. ஆகவே இலைத் தரம் உங்கள் கையில். ஏல விலையும் எடைக் கழிவும் பங்கு விகிதமும் உங்கள் கையில் இல்லை. அவற்றைக் கண்காணிப்பது தேயிலை வாரியத்தின் பொறுப்பு. வாரியத்தை நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். இந்தத் தொடர்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை விழும்போது தாங்குவதற்கு எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்தார்கள். 2003இல் தேயிலை, காப்பி, ரப்பர், புகையிலை விவசாயிகளுக்கு விலை நிலைப்படுத்தும் நிதி ஒன்று ஏற்பட்டது. 4 ஹெக்டேர் வரை உள்ளவர்கள் சேரலாம். ஏழாண்டுச் சராசரி விலையை வைத்து ஒவ்வோர் ஆண்டும் நல்ல ஆண்டா, சாதாரண ஆண்டா, கெட்ட ஆண்டா என்று வகுப்பார்கள். நல்ல ஆண்டில் விவசாயி 1,000 ரூபாய் கட்ட வேண்டும். சாதாரண ஆண்டில் இரு தரப்பும் 500 ரூபாய். கெட்ட ஆண்டில் அரசு 1,000 ரூபாய் போடும். ஓர் ஆண்டு முழுதும் இலை விலை விழுந்துகிடக்கும்போது ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்குப் போதும்? விவசாயிகள் எதிர்பார்த்த அளவில் சேரவில்லை. 2013இல் திட்டம் முடிந்தது. ஏட்டில் அழகாக இருந்த திட்டம். ஒரு பறிப்புக் கூலிக்குக்கூட ஈடாகவில்லை.

அவைக்கு வராத முடிவுகள்

இறக்குமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்டில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்போடு இந்தியா சரக்கு வர்த்தக உடன்பாடு செய்தது. 2010 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. காப்பிக்கும் தேயிலைக்கும் 100 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியைப் படிப்படியாக 45 ஆகவும், மிளகுக்கு 70இலிருந்து 50 ஆகவும் 2019 முடிவுக்குள் குறைப்பதென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. கேரளத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நம் நாட்டில் வெளிநாட்டு உடன்பாடுகளுக்கு நாடாளுமன்றம் வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும் என்ற விதி இல்லை. அமைச்சரவை முடிவு செய்து கையெழுத்திடலாம். அவையில் பேசலாம், கேட்கலாம், நிறுத்த முடியாது. பின்னர் மிளகு விலை சரிந்தபோது, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் இறக்குமதி கூடாது என்று 2017 டிசம்பரில் முடிவாயிற்று. அதுவும் அரசாணைதான். ஆகவே உடன்பாடு பேசப்படும் காலத்திலேயே கேட்க வேண்டும். கையெழுத்தான பின் கேட்பது, களத்துமேட்டில் நெல் நனைந்த பிறகு படுதா தேடுவது போல.

2020ஆம் ஆண்டின் மூன்று வேளாண் சட்டங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாதம் அவசரச் சட்டமாக வந்தன. செப்டம்பரில் மசோதாக்கள் வந்தபோது, குழுவுக்கு அனுப்பி ஆராய வேண்டும் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டனர், அனுப்பப்படவில்லை. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு மசோதாக்கள் கடும் கூச்சலுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. குரல் வாக்கெடுப்பு என்றால் 'ஆம்' என்ற சத்தம் பெரிதா, 'இல்லை' என்ற சத்தம் பெரிதா என்று அவைத்தலைவர் கேட்டு முடிவு செய்வது. யார் எப்பக்கம் என்ற பதிவு இராது. அதன்பின் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்தது. நவம்பர் 29 அன்று இரு அவைகளும் அவற்றை ஒரே நாளில் நீக்கின. நீக்கும்போதும் விவாதம் இல்லை. சட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்பதில் இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குள்ளேயே வேறுபாடு இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் கூட்டமாக நின்று குரல் கொடுக்க லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். மலைப்பயிர் விவசாயிகளோ சிதறிக் கிடக்கிறோம். நமக்குக் குழுவும் கேள்வி நேரமும்தான் கைக்கு எட்டும் கருவிகள்.

எப்படிக் கேட்பது?

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகிறீர்கள். "தேயிலை விவசாயிகள் துயரத்தைப் போக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், "அரசு பல நடவடிக்கைகள் எடுத்து வருகிறது" என்று பதில் வரும். அதில் பிழை சொல்லவும் முடியாது, பயனும் இல்லை. எண்ணில் பதில் வரும்படி கேளுங்கள். உதாரணமாக: "கடந்த 12 மாதங்களில் நீலகிரி மாவட்டத்தில் வாரியம் அறிவித்த மாதச் சராசரி விலைக்குக் குறைவாக இலைப்பணம் கொடுத்த தொழிற்சாலைகள் எத்தனை? 2003ஆம் ஆண்டு ஆணையின்படி அவற்றின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?" இந்தக் கேள்விக்கு வர்த்தக அமைச்சர் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். கணக்கு இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். அடுத்த கேள்விக்கு அதுவே விதை.

உறுப்பினர் கேள்விக்கு 15 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். ஆகவே கூட்டத் தொடர் தொடங்கிய பிறகு ஓடினால் பயனில்லை. தொடருக்கு ஒரு மாதம் முன்பே மனு போய்ச் சேர வேண்டும். நட்சத்திரக் கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 20தான். குலுக்கலில் வர வேண்டும். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கும். நமக்கு அதுவே போதும். எழுத்தில் வந்ததை வாரிய அலுவலகத்தில் காட்டிப் பேசலாம்.

நிலைக்குழுவையும் மறக்க வேண்டாம். வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில் இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள் இருப்பார்கள். குழு ஒரு பொருளை எடுத்து ஆராயும்போது பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மக்களிடம் கருத்துக் கேட்பது உண்டு. சிறு விவசாயிகள் சங்கம் எழுதி அனுப்பலாம். கட்சிச் சத்தம் அங்கே குறைவு. 2022 தொடக்கத்தில் தேயிலை, காப்பி, ரப்பர், நறுமணப் பொருள் ஆகியவற்றின் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய வரைவு மசோதாக்களை வர்த்தக அமைச்சகம் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. கருத்துச் சொல்லக் கிடைத்தவை சில வாரங்களே. பெரிய தோட்ட அதிபர் சங்கங்களுக்கு வழக்கறிஞரும் அலுவலகமும் உண்டு, அவகாசத்துக்குள் எழுதிவிடுவார்கள். ஊருக்கு இரண்டு படித்த இளைஞர்களாவது இந்த வேலையை ஏற்றுக்கொண்டால் நாமும் எழுதலாம்.

மனுவுக்கு வலு சேர்ப்பது ரசீதுதான். இலை கொடுத்த தேதி, எடை, கழித்த எடை, மாத முடிவில் கிடைத்த விலை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சிறு விவசாயியாகத் தேயிலை வாரியத்தில் பதிவு செய்து அடையாள அட்டை பெறாதவர்கள் பெற்றுக்கொள்ளுங்கள். நில ஆவணமும் புகைப்படமும் கொண்டு போனால் என்னென்ன குறைகிறது என்பதை அங்கேயே சொல்வார்கள். மனுவோடு ரசீதுகளின் நகலை மட்டும் இணையுங்கள். மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.