குமாஸ்தாவின் கைப்பிடியும் இருதயமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நாம் இருதய நோயைப் பற்றிப் பேச மேடையேறியது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வைத்தியம் நமக்குத் தெரியாது. தெரிந்தது கணக்கு எழுதுதல் ஒன்றே. ஆயினும், கணக்கு எழுதுவோரைப் பற்றியே ஒரு கணக்கு இருப்பதை அறிந்த பின்னர் வாளாவிருக்க மனம் இசையவில்லை.

சென்ற மழைக்காலத்தில் நிகழ்ந்ததை முதலில் கூறிவிடுகிறோம். 25 கிலோ அரிசி மூட்டையொன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் மாடியிலுள்ள நம் குவார்ட்டர்ஸுக்குப் புறப்பட்டோம். முதல் மாடித் திருப்பத்திலேயே மூச்சு இரைத்தது, மார்பு படபடத்தது, படியில் அமர்ந்துவிட்டோம். கீழ்வீட்டுப் பெரியவர் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நம்மைவிடப் பதினெட்டு ஆண்டு மூத்தவர். "தள்ளுங்க தம்பி" என்று மூட்டையை வாங்கி, மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, நாம் எழுந்திருக்குமுன் இறங்கியும் வந்துவிட்டார். வீட்டில் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மேசை நண்பர் 47ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்து அப்பொழுது மூன்று மாதங்களே ஆகியிருந்தன.

இனி அந்தக் கணக்கு. அமெரிக்க நாட்டு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி டெய்லரும் அவருடைய குழுவினரும், அந்நாட்டு ரயில்வே ஊழியரின் 1955, 1956ஆம் ஆண்டு மரணப் பதிவேடுகளை ஆராய்ந்து, 1962இல் முடிவை வெளியிட்டனர். இருதய நாள நோயால் ஆண்டொன்றுக்கு ஆயிரவருள் மாண்டோர், குமாஸ்தாக்களில் 5.7, வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷன்டிங் ஊழியரில் 3.9, தண்டவாளம் பழுது பார்ப்போரில் 2.8. ஒரே ரயில்வே, ஆயினும் நாற்காலியில் இருந்தவர்க்கு ஆபத்து இரு மடங்கு! நோயுற்றவர் எளிய வேலைக்கு மாறிக்கொள்வதும் உண்டாதலால், வேற்றுமை முழுவதையும் உழைப்பின் பற்றில் வரவு வைத்துவிடல் ஆகாது. பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி நம்மை அச்சுறுத்தப் போதுமானது.

அண்மைக்கால ஆராய்ச்சி தசையின் வலிமையையே அளந்தது. நம் பாரதம் உள்ளிட்ட 17 நாடுகளில், ஏறத்தாழ 1,40,000 பேரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, இயன்ற மட்டும் இறுகப் பிடிக்கச் சொன்னார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. பிடிவலிமை 5 கிலோ குறையுந்தோறும் இருதய, இரத்தக் குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவிகிதம் கூடுதலாகக் காணப்பட்டது. மரணத்தை முன்னறிவிப்பதில் இரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடியே துல்லியமாக இருந்ததாம். இதைக் கேட்டு ரப்பர்ப் பந்தைப் பிசையத் தொடங்கிவிட வேண்டாம். கைப்பிடி, நீராவி எஞ்சினின் அழுத்தமானி போன்றது. முள்ளை விரலால் தள்ளினால் கொதிகலனில் நீராவி கூடுமோ?

தசைக்கும் இருதயத்துக்கும் என்ன உறவு? இரத்தத்தில் சேரும் சர்க்கரையை வாங்கி இருப்பு வைக்கும் பெரிய கிடங்கு தசையே. கிடங்கு சுருங்கினால் சரக்கு இரத்தத்திலேயே தேங்கி, குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. தசை உழைக்கும்போது இரத்தவோட்டம் பெருக, அவ்வுட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. குழாய் இளகி விரிகிறது. இருதயத்திலும் குழாய்களிலும் இவ்வாயு ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூவர்க்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. மேலும், வலுத்த தசைக்கு அதே மூட்டை இலகுவாகிவிடுவதால் இருதயம் அத்துணை துள்ள வேண்டுவதில்லை. பெரியவர் இரைக்காமல் ஏறிய இரகசியம் இதுவே.

நம்மிற் பலர், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட நம் கரக்பூர் நடைமேடையில் மாலையில் உலவிவிட்டு, கடமை முடிந்ததென்று வீடு திரும்புகிறோம். நடை நன்றே. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கூறிய அளவு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், அதற்கு மேல் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் ஆகும். தண்டால், பஸ்கி எடுத்தால் போதும், காசு செலவில்லை. தாய்மார்களுக்கும் இது பொருந்தும். கோபிக்க வேண்டாம், ஆட்டுக்கல்லை மீண்டும் பரணிலிருந்து இறக்கச் சொல்லவில்லை! இரத்த அழுத்தமும் நெஞ்சு வலியும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். எவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கலாகாது. அழுத்தம் திடீரென ஏறிவிடும்.

நம் சங்கப் புத்தக அலமாரியின் பின்னால், முன்னிருந்தோர் வாங்கி வைத்த நான்கு கர்லாக்கட்டைகள் ஒட்டடை படிந்து கிடக்கின்றன. ஞாயிறுதோறும் காலை 6 மணிக்குக் கூடத்தைத் திறந்துவிடச் செயலாளர் அவர்கள் ஒப்பியிருக்கிறார். கீழ்வீட்டுப் பெரியவர் கற்றுத்தர இசைந்திருக்கிறார். முதல் மாணாக்கராக நம் பெயரை எழுதிவிட்டோம். நோட்டு வாயிலருகிலுள்ள மேசைமீது இருக்கிறது.