முடிவின் பாரம் யார் தோளில்?



கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இயேசு கேட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். நாமும் கணக்குப் பார்க்கிறவர்கள்தாம். ஆனால் நமக்கு என்ன வரும், நம் கையிலிருந்து என்ன போகும் என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது. அடுத்தவர் தலையில் என்ன விழும் என்பது அந்த ஏட்டில் ஏறுவதில்லை.

2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். படைத்தலைவன் யோவாப் தடுத்தும் கேளாமல் தாவீது ராஜா குடிமக்களைத் தொகையெடுக்கச் சொல்கிறார். முடிவெடுத்தவர் அரண்மனையில் இருந்தார்; அதற்குத் தண்டனையாக வந்த கொள்ளைநோயில் மடிந்தவர்களோ 70,000 பேர். குற்றம் என்னுடையது, இந்த ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று அவர் கதறியபோதுதான் அவர் மனந்திரும்புதல் முழுமையானது. பின்பு பலிபீடம் கட்டுவதற்காக அர்வனா என்பவர் தன் போரடிக்கும் களத்தை இலவசமாகவே கொடுக்க முன்வந்தும் தாவீது ஏற்கவில்லை. களத்துக்கும் மாடுகளுக்குமாக 50 சேக்கல் வெள்ளி கொடுத்தார். இம்முறை செலவை அடுத்தவர்மேல் வைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

நம் மண்ணிலும் இப்படி ஒரு தெரிவு நடந்தது. தாமஸ் ராக்லாந்து கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெல்லோ. சென்னையில் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்தவர். அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு, 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் வட திருநெல்வேலிக்கு வந்தார். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமெல்லாம் அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. பங்களா கட்டாமல் கூடாரத்தில் தங்கி, சுவிசேஷம் சொல்ல ஊர் ஊராகப் போனார்கள். உடல்நலம் குன்றியிருந்த ராக்லாந்து 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 43. எடுத்துக் காட்டப் பெரிய விளைச்சல் எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அவரைப் புகழ்கிற நாம் இன்னொரு கூட்டத்தாரை மறந்துவிடுகிறோம். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து இந்தப் பணிக்கு அனுப்பின; அவர்கள் செலவையும் தாங்களே தாங்கின. எளிய கிராமச் சபைகள் அவை. தங்களுக்கு எந்த லாபமும் இல்லாத ஊர்களுக்காகத் தங்கள் கையிருப்பைக் கொடுத்தன. கிறிஸ்தவ முடிவு என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியாது. பாரத்தைத் தான் எடுத்துக்கொண்டு பலனைப் பிறருக்கு விடுவது அது. சிலுவையின் கணக்கும் அதுவே.

இன்று நம் முடிவுகளை இதன் எதிரில் வைத்துப் பார்ப்போம். மகன் கல்யாணத்தில் வரதட்சணை கேட்கிறோம். கடனை அடைப்பது பெண்ணைப் பெற்றவர். கண்மாயில் கழிவைக் கொட்டுகிறோம். தண்ணீர் கெடுவது கீழ்ப்பாசனக்காரருக்கு. யோசிக்காமல் கடன் வாங்குகிறோம். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவது நம் பிள்ளை. மனம் வருந்தி ஜெபித்தால் தேவன் மன்னிக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளை இழந்த வருஷங்கள் திரும்பி வருவதில்லை. ஆகவே ஜெபத்தோடு ஈடுசெய்தலும் வேண்டும். ஆயக்காரனான சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது அதனால்தான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலோ சபைக் கமிட்டியிலோ அடுத்த முடிவை எடுக்குமுன், அதன் பாரத்தைச் சுமக்கப்போகிறவரை அழைத்து உட்கார வையுங்கள். பெண்ணானாலும், சிறுபிள்ளையானாலும், கூலிக்காரரானாலும் முதலில் அவர் பேசட்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.