தையல் ஆறப் பாலும் தயிரும்



பூந்தமல்லி, ஆவடி பக்கத்துக் கிராமங்களில் பிரசவமான வீட்டுக்குப் போனால் நான் கேட்கும் பேச்சு இது: "வயித்துல தையல் போட்டிருக்கு. பால், தயிர், முட்டை எதுவும் குடுக்காதீங்க, சீழ் பிடிக்கும்." சொல்லுகிற பெரியவர்கள் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் ரசமும் சோறும் மட்டும் சாப்பிட்டால் புண் எப்படி ஆறும்?

சீழ் பிடிப்பது கிருமியால், பாலால் அல்ல. அறுத்த இடத்தில் புதுச் சதை வளர வேண்டும். வீடு கட்டச் செங்கல் போல, சதை வளரப் புரதச் சத்து வேண்டும்.

பச்சைப் பால் புளித்துத் திரிந்தால் கட்டி ஒரு பக்கம், தெளிந்த நீர் ஒரு பக்கம் பிரியும். பசும்பாலின் புரதத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தெளிநீரில் இருக்கிறது. அதுதான் 'வே' புரதம். சீக்கிரம் செரிக்கும், சதை வளர்க்கும் சத்துகள் நிறைந்தது. புண் ஆற அது உதவுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். விலங்குகளில் செய்த சோதனைகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மனிதரிடம் இன்னும் உறுதிப்பட வேண்டும். ஆகவே பாலையோ தயிரையோ புண்மேல் தடவாதீர்கள். அது வாய்வழியே போக வேண்டிய மருந்து!

"டப்பா பவுடர் வாங்கணுமா, அம்மா?" என்று கேட்பார்கள். வேண்டாம். 200 மில்லி பாலில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையிலும் அவ்வளவே. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 46 கிராம் வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் முதல் 6 மாதம் மேலும் 17 கிராம். நீர் மோர் மட்டும் போதாது. கெட்டித் தயிர் கொடுங்கள். கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ சேருங்கள். குடும்ப நல ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் இதே சாப்பாடுதான். சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

தையல் சிவந்து வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

கணவன்மார்களே! நாளைக் காலை டீக்கு வாங்கும் பாலில் முதல் டம்ளரை உங்கள் மனைவிக்கு எடுத்து வையுங்கள். பத்தியம் என்று பெரியவர்கள் தடுத்தால், பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.