ஓக் மரத்தின் வளையம் சொல்வதும் சொல்லாததும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வளையம் அகலமா இருந்தா நல்ல மழை, குறுகலா இருந்தா வறட்சி." இதை நாம் எல்லாரும் தாவரவியல் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பரீட்சைக்கு அது போதும். ஐரோப்பாவின் ஓக் காடுகளுக்குப் போனால் போதாது.

ஓக் மரத்தின் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் இரண்டு பகுதிகள் உண்டு. வசந்தத்தில், இலை முழுதாக விரியும் முன்பே, கண்ணுக்குத் தெரிகிற பெரிய துளைகளோடு ஒரு பட்டை உருவாகிவிடும். இலையே வராதபோது அதற்குச் சாப்பாடு ஏது? போன வருஷம் சேர்த்து வைத்த மாச்சத்துதான். அந்த வருஷத்து இலைகள் உழைத்துப் போடுவதைக் கொண்டு, கோடையில் அடர்த்தியான இரண்டாம் பகுதி வளர்கிறது. கோடை வறண்டால் முக்கியமாகச் சுருங்குவது இந்த இரண்டாம் பகுதி. ஆக, ஒரே வளையத்தில் இரண்டு வருஷத்துக் கணக்கு கலந்து கிடக்கிறது.

இந்த அமைப்பால் ஓர் அருமையான பயனும் உண்டு. 1998-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில், மணலுக்குள்ளிருந்து ஓக் கம்பங்களால் ஆன ஒரு வட்டம் வெளிப்பட்டது. நடுவில் வேர் மேலே இருக்க, தலைகீழாகப் புதைத்த அடிமரம். கடைசி வளையம் எந்தக் கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது என்று பார்த்தே, கி.மு. 2049-ல் வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ வெட்டிய மரங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய பருவத்தைச் சொல்கிறார்கள், பாருங்கள்!

ஓக் வளையத்தைத் தவறவிடுவது மிக அரிது. அதனால்தான் ஒரு மரத்தின் குறுகல்-அகல வரிசையை இன்னொன்றோடு பொருத்திப் பின்னோக்கிப் போக முடிகிறது. சதுப்பில் புதைந்த அயர்லாந்து மரங்களையும் ஜெர்மனி மரங்களையும் சேர்த்து, 7,272 ஆண்டுத் தொடர் ஒன்றை 1984-ல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் குறுகல் எதைச் சொல்கிறது? மரம் நிற்கிற இடத்தைக் கேளுங்கள். தென் இங்கிலாந்தில் 1976-ன் வறட்சி பல ஓக் மரங்களில் பதிந்திருக்கிறது. அங்கே குறை தண்ணீர். அயர்லாந்து மரங்களிலோ கி.பி. 540-ஐ ஒட்டிய ஆண்டுகள் மிகக் குறுகல். இதை மைக் பெய்லி எடுத்துக் காட்டினார். 536-லும் 540-லும் பெரிய எரிமலை வெடிப்புகள் நடந்ததைத் துருவப் பனிப் படலங்கள் பிற்பாடு உறுதிசெய்தன. தூசு வெயிலை மறைத்து, கோடை குளிர்ந்துபோனது. அங்கே தண்ணீர்க் குறை அல்ல.

இன்னொரு குறும்புக்காரரும் இருக்கிறார். மே வண்டு! மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாக வந்து ஓக் இலைகளைத் தின்றுவிட்டுப் போகும். அந்த வருஷமும் வளையம் மெலியும். வானிலைக்கும் அதற்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை. ஒற்றை மரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது இதனால்தான்.

ஈரமும் மிதமும் உள்ள பிரிட்டனில், அகலத்தை மட்டும் அளந்தால் மழைக் கணக்கு மங்கலாகவே வருகிறது. ஆகவே ஆய்வாளர்கள் கட்டையின் செல்லுலோஸில் உள்ள ஆக்சிஜனின் கனமான வகைக்கும் சாதாரண வகைக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். கோடை மழைக்கு ஏற்ப அந்த விகிதம் மாறும். இந்த வழியில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் 1201 முதல் 2000 வரையிலான கோடை மழையைக் கணித்திருக்கிறார்கள்.

நமக்கு ஓக் வேண்டாம், தேக்கு இருக்கிறது. அதுவும் ஓக் போலவே வளையத் தொடக்கத்தில் பெரிய துளை விடும் மரம். கேரளத் தேக்குகளைக் கொண்டு 523 ஆண்டுத் தொடரைப் புணே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தார் 2010-ல் வெளியிட்டார்கள். எல் நினோவால் பருவமழை குறைந்த ஆண்டுகள் அதில் குறுகலாகத் தெரிகின்றன. தேக்குச் சட்டம் கிடந்தால், ஒரு கை லென்ஸோடு அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள், தம்பிகளே, தங்கைகளே. துளை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும்.