சாவி கொடுத்தால் போதுமா?



கடைசி வரிசையில் இடம் தேடி உட்கார்ந்திருக்கும் புதிய நூலகர்களோடுதான் இன்று எனக்குப் பேச்சு. முன்வரிசையில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை வாங்கப்போகிறேன்.

இன்று ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் நாள். 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் பெயரால் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம், நூலகங்களுக்காக அவர் வகுத்த ஐந்து விதிகளை ஒப்பிக்கிறோம், சுண்டல் வாங்கிக்கொண்டு கலைகிறோம். ஆனால் நூலகரான புதிதில் அவர் என்ன செய்தார் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லக் காணோம். நான் சொல்கிறேன். வேலையை விட்டு ஓடப் பார்த்தார்!

சிரிக்காதீர்கள், நடந்த கதை. மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். நூலகப் பயிற்சி துளியும் கிடையாது. நேர்காணலுக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டு போனார் என்பார்கள். அவ்வளவுதான் அவருடைய தயாரிப்பு. வகுப்பறை நிறையப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய மனிதர். இங்கே பேச ஆளில்லை, கேட்க ஆளில்லை. தனிமை தாங்காமல், பழைய வேலைக்கே திரும்பப் போகிறேன் என்று போய் நின்றார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

லண்டனில் அவருக்கு இரண்டு கிடைத்தன. ஒன்று, பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசான். குரோய்டன் நகர நூலகத்தை நடத்திக்கொண்டிருந்தவர். இன்னொன்று, ஊர் ஊராகப் போய் நூலகங்களை நேரில் பார்க்கும் வாய்ப்பு. தொழிலாளர்களும் குழந்தைகளும் புத்தகம் எடுத்துப் போவதைக் கண்ணால் பார்த்தார். 1925-இல் திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே, தன்னைப் போல விழிபிதுங்கி நிற்பவர்களுக்காகக் கோடைப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஐந்து விதிகள் 1931-இல்தான் அச்சுக்கு வந்தன. பயிற்சிப் பள்ளி முந்தியது, விதிகள் அச்சானது பிந்தியது. இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆண்டுகளைச் சொல்கிறேன்.

ரங்கநாதனுக்கே ஒரு சேயர்ஸ் தேவைப்பட்டார் என்றால், ஊர்ப்புற நூலகத்தில் தனியாளாக உட்காரப்போகிற இந்தப் பிள்ளைக்கு யார் தேவை? நாம் யாரைக் கொடுத்திருக்கிறோம்?

பொறுப்பேற்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சாவிக்கொத்து ஒன்று கைமாறும். சேர்க்கைப் பதிவேடு, வழங்கல் பதிவேடு, வருகைப் பதிவேடு, சந்தாப் புத்தகம், நாளிதழ்க் கணக்கு எல்லாவற்றிலும் வரிசையாகக் கையெழுத்து. முன்பு இருந்தவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். பத்து மணிக்கு உள்ளே வருகிற பெரியவர் ஒருவர் பேப்பரைக் கையில் எடுத்தால் மதியம்தான் கீழே வைப்பார். பக்கத்தில் நாலு பேர் காத்திருப்பார்கள். அவரைச் சங்கடப்படுத்தாமல் பேப்பரைப் பிரித்து ஆளுக்கு ஒரு தாளாகக் கொடுப்பது எப்படி என்று எந்தச் சான்றிதழ்ப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை. அது ஒரு மூத்த நூலகர் பக்கத்தில் இருந்து காட்டித் தர வேண்டிய வித்தை.

நம்ம நாமக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கோழிப்பண்ணைக்காரருக்கு முட்டை விலை கைபேசிக்கே வருகிறது. கோழி சோர்ந்து நின்றால் காட்டிக் கேட்க 1985-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெயில் ஏறினால் தீவனத்தை எப்படி மாற்றுவது என்று சொல்ல ஆள் உண்டு. நமது லாரி நாக்பூர் பக்கம் நடுரோட்டில் நின்றால்கூட, உரிமையாளருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். இந்த ஊர் தொழில் கற்றது அப்படித்தான். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்னான். நூலகத்தில் மட்டும் அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை?

அடுத்து, பயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அறையில் இரும்பு பீரோ நிற்கிறது. உள்ளே நல்ல நல்ல சிறுவர் நூல்கள். சிலவற்றில் கட்டு கூடப் பிரிக்கவில்லை. கதவில் வெள்ளைத் தாளில் ‘நூலகம்’ என்று ஒட்டியிருக்கிறது. பொறுப்பாசிரியரைக் கேட்டால் பதில் என்ன வரும்? "தொலைந்தால் நான்தானுங்க கட்டணும்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறிவியல் பாடம், சத்துணவுக் கணக்கு, தேர்தல் வேலை இத்தனைக்கும் நடுவில் இந்தச் சாவியையும் அவர் தலையில் கட்டியிருக்கிறோம். தணிக்கையில் ஒரு எண் குறைந்தால் கேள்வி வரும். ஆண்டு முழுக்க ஒரு புத்தகமும் வெளியே போகாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படியிருக்கும்போது புத்திசாலி என்ன செய்வான்? பூட்டுவான்.

இந்த நோய் புதிதல்ல. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததைச் சொல்லித்தான் ரங்கநாதன் தம் முதல் விதியை விளக்குகிறார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அந்த விதி. சங்கிலி போய்விட்டது, பீரோ வந்துவிட்டது.

ஆனால் பயப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் நூலகங்களுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஓராண்டில் வழங்கியும் பார்வைக்குக் கொடுத்தும் புழங்கிய ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் தொலைந்தால் அது இயல்பான இழப்பு என்று அது ஏற்றுக்கொள்கிறது. நேர்மைக் குறைவோ அசட்டையோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும். மற்றபடி, புழங்குகிற நூலகத்தில் புத்தகம் தொலையும் என்பதை டெல்லியில் விதி எழுதியவரே ஒப்புக்கொண்டுவிட்டார்! இன்னொரு நுட்பத்தையும் பாருங்கள். கணக்கு வைப்பது பீரோவில் உள்ள நூலுக்கு அல்ல, வெளியே புழங்கிய நூலுக்கு. அதிகம் கொடுத்தவருக்குத்தான் அதிகச் சலுகை. மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி இது. நமது பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் இதே தெளிவோடு ஒரு பக்கச் சுற்றறிக்கை வந்து, அதைப் பொறுப்பேற்கும் நாளிலேயே புதியவர் கையில் கொடுத்தால் பாதிப் பூட்டு தானாகத் திறக்கும். பத்துப் பயிற்சி வகுப்பு நடத்துவதைவிட இந்த ஒரு பக்கம் பெரிது என்பது என் கருத்து. மேடையில் இருக்கும் அதிகாரிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பள்ளியில் நூலகப் பாடவேளை என்று ஒன்று கால அட்டவணையில் இருக்கும். மணி அடித்தால் கணக்கு சார் வந்து நிற்பார், பாடம் முடியவில்லை என்று. ரங்கநாதனும் கணக்கு சார்தான் ஐயா! அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். கையில் கொடுக்கப் புத்தகம் இல்லை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகச் சின்னச் சின்ன நூல்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. மெல்லப் படிக்கிற பிள்ளை கூச்சப்படாமல் எடுக்கிற அளவில் இருக்கின்றன. சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. புதிதாகப் பொறுப்பேற்கிற ஆசிரியர் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பொது நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்களும் நானும் கட்டுகிற வீட்டு வரியிலிருந்து. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் இங்கேதான் வந்தது. கொண்டுவந்த கல்வி அமைச்சர் நம் கொங்குநாட்டுக்காரர், திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்தின் பின்னால் ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. இன்றைக்குச் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. உள்ளாட்சிகள் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அது நிலுவையில் கிடப்பது தமிழ்நாடு முழுக்கப் பழைய பாட்டு. வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பத்துப் பைசா நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டியவர் அரசு ஊழியரான நூலகர் அல்ல. அவரால் கேட்கவும் முடியாது. வாசகர் வட்டம்தான் கேட்க வேண்டும்.

இணையத்தில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இளையவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இருக்கின்றன. படக்கதைகளுக்கு ஸ்டோரிவீவர் தளம். நூல்களைக் கணினியில் ஏற்றக் காசில்லாத மென்பொருள் வேண்டுமென்றால் நியூசிலாந்தில் பிறந்த கோஹா. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நூலகத் துறையே இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் ஒரு விடுமுறையில் நாலு கிளை நூலகங்களுக்கு வந்து உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் லாபம். ஆனால் ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் காலையிலேயே வந்து நாற்காலி பிடிக்கிறார்களே, அவர்களையும் சமாளித்து, கதைப் புத்தகம் கேட்டு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இடம் வைப்பது எப்படி என்பதற்கு எந்தத் திரையிலும் விடை கிடையாது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

அந்த ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கவிஞர் இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடே நூலகமாக இயங்குகிற ஊர் இது. ஓய்வு பெற்ற நூலகர்களில் பலர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்தப் பதிவேட்டில் எதை எழுதுவது, கிழிந்த நூலைக் கழிவுக்கு எப்படி அனுப்புவது, ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேரச் சொல்லி ஒரு கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வீட்டில் சும்மா இருக்கிறோம் என்று மூக்கால் அழுகிறீர்களே, இதோ வேலை!

வாசலில் மேசைமேல் நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். இடது பக்கம் புதியவர்கள் எழுதுங்கள்: பெயர், நூலகம் அல்லது பள்ளி, இப்போது தடுமாறுகிற ஒரு விஷயம். வலது பக்கம் மூத்தவர்கள் கைபேசி எண்ணை எழுதி, எந்த நாள் நேரில் போக முடியும் என்றும் குறிப்பிடுங்கள். பரமத்திவேலூர்க்காரருக்குப் பரமத்திவேலூரிலேயே ஆள் பார்த்துத் தருவது எங்கள் பொறுப்பு. பஸ் செலவை வாசகர் வட்டம் ஏற்கும். தலைவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். டீ வருவதற்குள் எழுதிவிட்டால் இன்றைக்கே ஜோடி சேர்த்துவிடலாம்.