பாதுகாப்பு தருவது துப்பாக்கியா? அக்கம்பக்கமா?

எதிரணித் தம்பி கேட்கிறார்: "அமெரிக்காவிலே விசாரிச்சுத்தானே துப்பாக்கி விக்கிறான்? அப்புறம் பயம் எதுக்கு?"

தம்பி! 1993-இல் வந்த பிரேடி சட்டப்படி கடைக்காரர் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் சில மாநிலங்களில், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிம அட்டையை நீட்டினால் போதும். 'முன்னமே விசாரிச்சாச்சு'ன்னு மறுவிசாரணை இல்லாமலே வாங்கிக்கிட்டுப் போகலாம்!

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 21 வயது ஆகணும். போலீஸ் அறிக்கை வரணும். மருத்துவச் சான்று வேணும். நம்ம வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறப்போகூட இவ்வளவு விசாரிக்கறதில்லே! (சிரிப்பு)

முன்பு உரிமம் மூன்று வருஷம் செல்லும். 2019-இல் திருத்தம் வந்து ஐந்து வருஷமாச்சு. அஞ்சு வருஷத்தில் நெஞ்சு மாறாதா? கடன் வரும், குடி வரும், வரப்புச் சண்டை வரும். ஸ்டேஷன் பதிவேட்டில் வழக்கு இருக்கும். வழக்காகாத கோபம் இருக்குமா? அது பெண்டாட்டிக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

தேர்தல் வந்தால், உரிமம் உள்ள துப்பாக்கியையே ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, ஏன்? ஊர் சூடாகும்னுதானே? வீடு சூடானால் யார் சொல்வது? "அண்ணே, அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வாங்க"ன்னு உரிமையோடு சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வேணும். உரிமம் சர்க்கார் கொடுக்கலாம். அந்த உரிமையை அக்கம்பக்கம்தான் கொடுக்கும்! (பலத்த கைதட்டல்)